பஸ்ரா காசும் கடைசிப் பாடும்

இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்குக் கனவு வேறு விதமாக வரும். கண்ணை மூடினாலும் வெளிச்சம் போகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் நான் காண்டிராக்ட் ஆளாக இருந்தேன். பைபாஸ் ஓரம் தகரக் கூரை போட்ட அறை. காலையில் வந்து படுத்தால் உலையின் ஆரஞ்சு நிறம் இமைக்குள் அப்படியே நிற்கும். லாரிகள் போகிற சத்தம் தூரத்தில் அலை அடிப்பது போலக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ஆரஞ்சு நிறம் இளகி ஓர் ஆறாக மாறும். இரண்டு கரையிலும் பேரீச்ச மரங்கள். ஆற்றில் தட்டையான படகுகள், அவற்றைக் கழி ஊன்றித் தள்ளும் ஆட்கள். எல்லோருடைய முதுகும் எனக்குத் தெரிந்த முதுகு போலவே இருக்கும். நான் பார்த்தே இராத ஆறு அது. இராக் நாட்டில், பஸ்ராவில் ஓடுகிறது.

அந்த ஆற்றை எனக்குள் விட்டவன் என் அறைக் கூட்டாளி. பழவேற்காடு ஏரியின் உள்ளே, படகில் போய் இறங்க வேண்டிய ஒரு குப்பத்துக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். உலைக்குப் பழைய இரும்பு அள்ளிப் போடும் வேலையில் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். நான் எட்டாம் வகுப்போடு திருவாலங்காட்டில் ரயிலேறினவன். அதற்குப் பிறகு செங்கல் சூளை, நெல்லூரில் ஒரு ஓட்டல், லாரி கிளீனர், தேர்வாய் கண்டிகையில் கட்டட வேலை என்று எங்கேயும் காலூன்றவில்லை. அவன் அப்படியில்லை. அவனுக்கு ஒரு ஊர் இருந்தது, மனைவி இருந்தாள், அண்ணன் வீடு இருந்தது. உடம்பு மட்டும்தான் கும்மிடிப்பூண்டியில் இருந்தது. வாய் எந்நேரமும் ஏரியைப் பற்றியே பேசும்.

"மச்சான், தூங்கிட்டியா?"

"இல்ல. சொல்லு."

"பஸ்ரா ஆத்துல தண்ணி உப்பா இருக்குமா, சப்புனு இருக்குமா?"

"எனுக்கு இன்னாடா தெரியும்? உன் தாத்தன் போனான், நானா போனேன்?"

"தாத்தன் இல்ல மச்சான். தாத்தனுக்கு அப்பன்."

அந்தத் தாத்தனுக்கு அப்பனை நான் இனிப் பெரியவர் என்றே சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த முதல் உலகப் போரில், துப்பாக்கி பிடிக்க அல்ல, படகு தள்ள ஆள் வேண்டுமென்று வெள்ளைக்காரன் கேட்டிருக்கிறான். ஆழமில்லாத தண்ணீரில் கழி ஊன்றத் தெரிந்தவர்கள் யார் என்று விசாரித்தபோது யாரோ பழவேற்காட்டுப் பக்கம் கை காட்டியிருக்கிறார்கள். அந்தக் குப்பத்திலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் சில பேர் போனார்கள். கப்பலில் பஸ்ராவுக்குப் போய், அங்கிருந்து ஆற்றின் மேலாகச் சண்டை நடக்கிற இடத்துக்கு மாவு மூட்டையும் குண்டுப் பெட்டியும் ஏற்றிப் போனார்கள். திரும்பி வரும்போது காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள். என் கூட்டாளி சொல்லும்போது ஒரு நாள் அந்த ஆறு பழவேற்காடு ஏரியைவிட அகலமாக இருக்கும். மறுநாள் ஒரு வாய்க்கால் அளவுக்குக் குறுகிவிடும். வெயில் மட்டும் என்றைக்கும் குறையாது. பெரியவர் ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் ஏரியில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டாராம். உப்பு கரித்ததும்தான் வந்து சேர்ந்ததை நம்பினாராம்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்துத் தபாலில் பதக்கம் வந்தது. போனவர்கள் எல்லோருக்கும் வந்தது. திரும்பாதவர்கள் வீட்டுக்கும் வந்தது. ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறு பக்கம் துணியில்லாத ஒரு ஆள் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறான். குதிரையின் காலடியில் மண்டையோடும் எலும்பும். விளிம்பில் ஒரு எண், வாங்கியவரின் பெயர், எந்தப் பிரிவு என்பது. மேலே மாட்டிக்கொள்ள ஒரு கம்பி, அதில் பட்டு நாடா. குப்பத்துக்காரர்கள் அதை எடுத்ததும் முதலில் செய்த வேலை, கடித்துப் பார்த்ததுதான். வெள்ளி என்று நினைத்திருக்கிறார்கள். வெள்ளி இல்லை, வெண்கலம்.

அதற்குப் பிறகு அந்தப் பதக்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்குப் போயின. ஒன்று வலையில் ஈயக் குண்டுக்குப் பதிலாகக் கோக்கப்பட்டு, வலையோடு அறுந்து போனது. ஒன்றை, புருஷன் திரும்பி வராத ஒருத்தி தன் ஆட்டின் கழுத்தில் கட்டினாள். ஆட்டோடு சந்தைக்குப் போய்விட்டது. ஒன்றைச் செத்தவரின் நெற்றிக்காசாக வைத்துப் புதைத்தார்கள். மிஞ்சியது பெரியவருடையது மட்டும்தான். அது மிஞ்சியதற்குக் காரணம், அதற்கு ஊர் ஒரு நிரந்தர வேலை கொடுத்தது.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் இருக்கிறது. மழைக்காலத்தில் இறால் அதன் வழியாக வரும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. அந்த முறையைத்தான் பாடு என்கிறார்கள். குப்பத்தில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு தெரு. எந்தத் தெருவின் பாடு முதலில் தொடங்குவது என்பதற்கு வருஷா வருஷம் தகராறு. அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வேகமாக ஏறும், இறாலும் அதோடு ஏறும். நாள் தள்ளத் தள்ள வேகம் அடங்கிவிடும். காசு சுண்டிப் பார்க்கலாமென்றால், புழங்குகிற காசை யாரும் நம்பவில்லை. இரண்டு பக்கமும் தலை இருக்கிற காசைச் சந்தையில் யாரோ பார்த்ததாகப் பேச்சு. அப்போதுதான் பெரியவரின் பதக்கம் நினைவுக்கு வந்தது. அது ஒன்றுதான் இருந்தது. மாற்றி வைக்க இன்னொன்று கிடையாது. மேலே இருந்த கம்பியை அரத்தால் அறுத்து எடுத்துவிட்டு அதைக் காசாக்கினார்கள். ராஜா விழுந்தால் வடக்கு, குதிரை விழுந்தால் தெற்கு. பெயர் பஸ்ரா காசு.

முதல் தடவை பெரியவரே சுண்டினார். குதிரை விழுந்தது. அவர் தெற்குத் தெருக்காரர். வடக்குத் தெருவில் யாரோ, "உன் காசு உனுக்குத்தான விழும்" என்று சொல்லிவிட்டான். பெரியவருக்கு வந்த கோபத்தில், "இந்தக் காசு எந்த ஊட்ல கீதோ அந்த ஊட்டுக்குக் கடைசிப் பாடு. ரெண்டு தெருவும் முடிச்ச பெறவு எங்க வலை எறங்கும். போதுமாடா?" என்று கத்தினார்.

போதும் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு நாள் கோபம் நாலு தலைமுறையாக அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது. ஊருக்கு நியாயம் சொல்லும் காசு அவர்கள் வீட்டில் இருந்தது. அதனாலேயே வாய்க்காலில் இறால் ஓய்ந்த பிறகுதான் அவர்கள் வலை இறங்கியது. கடைசிப் பாடு இரண்டு குடும்பத்துக்குப் போதாது. அதனால்தான் தம்பி கும்மிடிப்பூண்டியில் இரும்பு அள்ளினான். காசு அந்த வீட்டை விட்டுப் போனால் அவர்களும் தெருவோடு வரிசையில் நிற்கலாம், தம்பியும் ஊருக்குத் திரும்பலாம். ஆனால் வாங்கிக்கொள்ள யாருமில்லை. வாங்குகிற வீட்டுக்குத்தானே கடைசிப் பாடு போகும். கோயிலில் வைக்கலாமென்றால் கோயில் தெற்குத் தெருவில் இருந்தது.

"தூக்கி ஏரியில போட வேண்டிதுதான?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"போட்டா அது எங்க ஊட்டாளு கையாலதான் போச்சின்னு ஆயிடும். அப்பறம் எந்தக் காலத்துலயும் கடைசிதான். பேஜாரு மச்சான் அது."

இந்தப் பதக்கத்தின் ஜாதகம் எனக்கு வேறொரு இடத்தில் தெரிந்தது. ஒரு சமயம் சென்னையில் மழைக்கு ஒதுங்கி ஒரு கண்காட்சிக் கூடத்துக்குள் போய்விட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே குதிரைக்காரன். பளபளவென்று வெள்ளியில். கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதே போருக்குக் கொடுத்த அதே பதக்கம்தான். சண்டை போட்டவர்களுக்கு வெள்ளி. மூட்டை தூக்கியவர்களுக்கும் படகு தள்ளியவர்களுக்கும் வெண்கலம். ராஜாவின் தலையில் வித்தியாசமில்லை. நான் ஈரச் சட்டையோடு அந்தப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். நாடா அங்கே இன்னும் மக்காமல் இருந்தது. நடுவில் ஆரஞ்சு, இரண்டு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலம். அந்த ஆரஞ்சு எங்கள் உலையின் ஆரஞ்சு போலவே இருந்தது. காவலாளி வந்து, மழை விட்டுவிட்டது என்றார்.

ஒரு வருஷம் மழைக்காலத்துக்கு முந்தின அமாவாசை சமயத்தில் உலையைப் பழுது பார்க்க மூடினார்கள். காசு சுண்டுகிற நாளில் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஊரில் இருக்க வேண்டுமென்பது குப்பத்துக் கட்டுப்பாடு. கூட்டாளி புறப்பட்டான். என்னையும் கூப்பிட்டான். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ், அதன் பிறகு படகு. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்ததால் படகு எதன் மேல் போகிறது என்பதே தெரியவில்லை. தூரத்தில் பறவைக் கூட்டம் ஒன்று வெள்ளைக் கோடாக நின்றது. நான் ஷிப்ட் தூக்கத்தில் பாதியும் விழிப்பில் பாதியுமாக உட்கார்ந்திருந்தேன். கழி ஊன்றுகிறவனின் முதுகு கூட்டாளியின் முதுகு போலவே இருப்பதைப் பார்த்தபோது, என் கனவிலிருந்த முதுகுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தது.

அவனுடைய அண்ணன் அதிகம் பேசாதவர். வாசலில் உட்கார்ந்து பஸ்ரா காசைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவதற்கு முந்தின நாள் அதைக் கழுவுவது அவர் வேலை. நாளைக்குச் சுண்டப் போகிறவரும் அவர்தான். அந்த ஒரு நாளில் ஊரே அவர் கையைப் பார்க்கும். அவர் மனைவி, கூட்டாளியின் அண்ணி, அரிவாள்மணையில் மடவை மீனை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"உக்காரு தம்பி. நாஷ்டா துன்னியா?"

"பொன்னேரியில ஆச்சிக்கா."

"உனுக்கு ஊடு எங்க?"

"இல்லக்கா."

"வாடகையா?"

"ரூம்ல தங்கிக்கினு கீறேன். அதுவும் உங்க கொழுந்தன் பேர்லதான்."

"நெலம் கிலம்?"

"இல்ல."

"படகு? வலை?"

"தண்ணியப் பாத்தாலே எனுக்குத் தல சுத்தும்."

"சொந்த பந்தம்?"

"கீறாங்க. எங்க கீறாங்கன்னுதான் தெரியல."

இந்தக் கேள்விகளைப் பல ஊரில் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் சில பேர் உச்சுக் கொட்டுவார்கள். சில பேர் புத்தி சொல்வார்கள். வீட்டு வாடகைக்குப் போன இடத்தில் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அண்ணி மட்டும் மீனை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாங்க, இத்தக் கேட்டீங்களா?" என்று புருஷனைப் பார்த்து நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார். "இவுருக்கு ஒண்ணுமே இல்லியாம்!"

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முதுகில் தெரிந்தது.

"அது எங்க ஊட்டுக் காசு" என்றார்.

"ஊட்டுக் காசுதான். அத்தத் தொட்டு ஊரு நியாயம் சொல்லுதே, நமக்கு எவன் சொன்னான்? உன் தம்பி அங்க நெருப்புல வெந்துக்கினு கீறான். இங்க ஒருத்தி வாசப்படியப் பாத்துக்கினு கீறா. உங்க பெரியவரு ஒரு நாளு கத்தினாரு. நானா கத்துனேன்? என் மாமியாரா கத்துச்சி?"

"அண்ணி, மச்சான் எங்கயும் ஒரு எடத்துல இருக்க மாட்டான்" என்றான் கூட்டாளி. "இன்னிக்கு இங்க, நாளைக்கு நெல்லூரு."

"இருக்க வேணாம்டா. அதான் வேணும். வருசத்துல ஒரு நாளு காசோட வந்தாப் போதும்." என்னைப் பார்த்தார். "வருவியா தம்பி?"

நான் வருவேன் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேனென்று எனக்கே தெரியவில்லை. படகில் வந்த தூக்கம் இன்னும் கலையாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் வலை காயப் போடும் மணல்மேட்டில் ஊர் கூடியது. ஒரு பக்கம் வடக்கு, ஒரு பக்கம் தெற்கு. நடுவில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய கோரைப்பாய். காசு விழுந்தால் குதித்து ஓடக்கூடாது என்பதற்காக. பெண்கள் கூட்டத்தில் உட்காரும் வழக்கமில்லை. பின்னால் ஐஸ் பெட்டிகளின் ஓரம் நின்றார்கள். அண்ணன் எழுந்து, காசை இந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறோம், இனி எங்கள் வீட்டைத் தெருவோடு சேருங்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டார்.

வடக்குத் தெருவில் பெரிய படகு வைத்திருக்கிற ஒருவர் இருந்தார். சம்மாட்டி என்று கூப்பிட்டார்கள். தோள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்ரா இது? கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்குறவன்தான? உருக்கிக் கம்பி இழுத்துடுவான்."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன்.

"காசு கீற ஊட்டுக்குக் கடைசிப் பாடு. அது பேச்சு. இப்ப அந்தக் கடைசிப் பாடு யாருக்கு? அத்த யாருனா சொல்லுங்க."

பின்னால் ஐஸ் பெட்டிப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. புருஷனிடம் வீட்டு விஷயம் சொல்வது போலத்தான். ஆனால் அக்கரைக்குக் கேட்கிற குரல்.

"இன்னாங்க, சம்மாட்டி கேக்குறாரே, சொல்லுங்க. அவுருக்கு ஊடே இல்ல. படகும் இல்ல, வலையும் இல்ல. கடைசிப் பாட்ட அவுருக்கே போட்டுக்கச் சொல்லுங்க. வந்து புடிச்சாப் புடிக்கட்டும்."

"தண்ணியப் பாத்தா அவனுக்குத் தல சுத்துமாம்" என்று கூட்டாளி சேர்த்துக் கொடுத்தான்.

இந்தத் தடவை வடக்குத் தெருவும் சிரித்தது. சம்மாட்டி சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சர்தான். ஆனா நைனா, நீ அவங்க ஊட்டுச் சோத்தத் துன்னுட்டு வந்து நிக்கிற. உன் கை எந்தப் பக்கம் சாயும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காற்று வலைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்குப் பேச உரிமையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் கேள்வி எனக்குத்தான் வந்திருந்தது.

"எனுக்குப் பசிக்குது" என்றேன். "உங்க ஊட்ல சோறு கீதா?"

சம்மாட்டி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "ஏய், இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்று கேட்டார். நண்டு என்று ஒரு பெண் குரல் சொன்னது.

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. சுண்டுகிறவன் சுண்டும் முன் இரண்டு தெருவிலும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். யார் வீடு என்பதை அந்தந்தத் தெரு முடிவு செய்யும். நான் கூட்டத்தை அப்படியே உட்கார வைத்துவிட்டு வடக்குத் தெருவுக்குப் போய்ச் சம்மாட்டி வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் போதாது, வயிறு நிறையச் சாப்பிடு, அப்போதுதான் கணக்கு நேராகும் என்றார். கும்மிடிப்பூண்டியில் பல நாட்கள் நான் டீயோடு படுத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு வீட்டுச் சோறு.

திரும்பி வந்ததும் அண்ணன் எழுந்து காசை என் கையில் வைத்தார். வைத்த பிறகும் அவர் விரல்கள் அதன் மேலேயே இருந்தன. அவருடைய அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா எல்லோரும் பிடித்த காசு. ராஜாவின் மூக்கு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. விளிம்பில் பெரியவரின் பெயர் எழுத்து மட்டும் நகத்தில் தட்டுப்பட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டு தெற்குத் தெருக்காரர்களோடு போய் நின்றார். இதுவரை அந்த நாளில் அவர் வரிசையில் நின்றதே இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டார், பிறகு பின்னால் வைத்தார், கடைசியில் பக்கத்தில் நின்ற தம்பியின் தோளில் போட்டார்.

சுண்டினேன். காசு மேலே போனபோது வெயில் அதில் பட்டு ஒரு நொடி ஆரஞ்சாகத் தெரிந்தது. குதிரையும் ராஜாவும் மாறி மாறிப் புரண்டார்கள். அந்த ஆற்றில் கழி ஊன்றியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து அதைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. ஈரப் பாயில் தொப்பென்று விழுந்தது. ராஜா.

"வடக்கு!" என்று சம்மாட்டி துண்டை உதறி எழுந்தார். "கை நல்ல கைதான்பா."

அவர் மனம் இளகிப் போனதற்கு நண்டுக் குழம்பு காரணமா ராஜா காரணமா என்று எனக்குத் தெரியாது. வடக்குத் தெரு முதலில், பிறகு தெற்குத் தெரு, அதில் வீட்டு வரிசைப்படி இவர்கள் வீடும் உண்டு என்று ஊர் முடிவு செய்தது. கடைசிப் பாடு, எங்கும் எழுதி வைக்காவிட்டாலும், என் பெயரில் நின்றது. இன்றுவரை நான் போய் வலை கட்டவில்லை.

அதன் பிறகு நான் கும்மிடிப்பூண்டி அறையில் அதிக நாள் இருக்கவில்லை. குப்பத்தில் கூடுதலாகத் தங்கியதில் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். காண்டிராக்ட் வேலையில் அது வழக்கம்தான். திருப்பாச்சூர் பக்கம் ஒரு குடோனில் இருந்தேன், தடா தாண்டி ஆந்திராவில் இருந்தேன், இப்போது மறுபடி தேர்வாய் கண்டிகை. எங்கே போனாலும் பஸ்ரா காசு கால்சட்டையின் உள் பையில் வரும். ஒரு மேஸ்திரி குஜராத்துக்கு நல்ல வேலை என்று கூப்பிட்டான். மழைக்கு முந்தின அமாவாசைக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டேன். ஊரில் யாருக்காவது திவசமா என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போகவில்லை.

ஆனால் நான் கூடுதலாகத் தங்கியது எதற்கென்றால், அந்த வீட்டின் பாட்டைப் பார்க்கத்தான். தெற்குத் தெருவில் முறை ஓடி அவர்கள் நாள் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முழு வேகம் இல்லை, ஓயவும் இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வலை கட்டப் போனார்கள். அந்த வீட்டிலிருந்து இரண்டு ஆள் ஒன்றாகப் போவது புதிதாம். ஊரில் அதிகம் பேர் அதைப் பார்த்ததில்லை என்றார்கள். கூட்டாளியின் மனைவி வாசலில் கோலம் போட்டாள். அண்ணி போடவில்லை. "மொதல்ல வரட்டும்" என்றார்.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு படகு திரும்பியது. நான் கரையில் மணலில் உட்கார்ந்திருந்தேன். பனியில் படகு முதலில் ஒரு கறை போலத் தெரிந்து, பிறகு இரண்டு முதுகாகி, பிறகு முகமாகியது. அண்ணி இடுப்பில் கூடையோடு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் எட்டிப் பார்த்தார். கூடையை நீட்டி வாங்கினார். இறால், நடுவில் கொஞ்சம் சின்ன மீன். கூடை தளும்பவில்லை, அடியிலும் நிற்கவில்லை. முந்தின நாள் பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு கிடைத்ததோ, ஏறக்குறைய அவ்வளவு.

தம்பியின் முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து வந்த பாட்டில் தண்ணீர் தனியாக எதையோ கொண்டுவந்து கொட்டும் என்று அவன் நினைத்திருந்தான் போல. "இன்னா அண்ணி, இவ்ளோதான்" என்றான்.

அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். கரையில் பெண்கள் ஐந்தாறு பேர் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அந்த வருஷத்துத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரம் தூர்ந்து போச்சு, கழிவுத் தண்ணி வருது, முன்ன மாதிரி இல்ல என்று. இத்தனை வருஷம் அந்தப் பேச்சில் அண்ணி சேர்ந்ததில்லை. கடைசிப் பாட்டுக்காரிக்குத் தண்ணீரைப் பற்றி என்ன புகார் சொல்ல இருக்கும்? ஓய்ந்த தண்ணீரைத்தானே அவர் பார்த்திருக்கிறார்.

அவர் கூடையை அவர்களுக்கு நடுவில் இறக்கி வைத்து, சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உனுக்கு எப்டிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னாத்தச் சொல்றது" என்றார் அண்ணி, குரலை நன்றாக உயர்த்தி. "இந்த வருசம் தண்ணியா இது? த்தூ. எல்லாருக்கும் வந்த மாதிரிதான் எனுக்கும் வந்துச்சி."

பிறகு இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே, வெகுநேரம், விடாமல் திட்டினார்.